டிராக்டர் டயரில் நீர் நிரப்புதலும் வால்வுப் பராமரிப்பும்

டிராக்டர் டயரில் நீர் நிரப்புதல் என்பது, பின்சக்கரங்களின் எடையைக் கூட்டுவதற்காக டியூபுக்குள் காற்றோடு நீரையும் ஏற்றி வைக்கும் முறையாகும். எடை கூடும்போது சக்கரம் மண்ணை அழுத்திப் பிடிக்கிறது. வண்டியை நகர்த்தாமல் வெறுமனே சுழல்வது குறைகிறது. இரும்பு எடைகளைத் தனியாக வாங்க வேண்டியதில்லை என்பதாலும், நீர் கையருகே கிடைப்பதாலும் இந்திய உழவர்களிடையே இம்முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது.

குளிர் மிகுந்த நாடுகளில் டயருக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு என்னும் உப்பைக் கரைத்து ஏற்றுகிறார்கள். அந்த உப்பு ரிம்மையும் வால்வையும் அரிப்பதே அங்கு இம்முறையின் பெரிய குறையாகச் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் நீர் உறைவதில்லை. எனவே உப்புக் கரைசலுக்கு வேலையில்லை. ஆனால் வேலூர் லாங் பஜாருக்குச் சந்தைக்கு வரும் கிராமங்கள் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் பகுதியில், பாலாற்றுப் படுகையின் பல கிணறுகளில் உப்பு ஏற்கெனவே கரைந்துள்ளது. ஆகவே எந்த நீரை ஏற்றுவது, வால்வை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற இரண்டு கேள்விகளும் இப்பகுதியில் ஒன்றோடொன்று பிணைந்தவை.

எடை ஏன் தேவைப்படுகிறது

தொடக்ககால டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரங்களே இருந்தன. 1932இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயர்களுடன் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரப்பர் டயர் வேகமாக ஓடியது, எரிபொருளும் மிச்சமானது. ஆனால் கனமான இரும்புச் சக்கரம் போனதால் பின்பக்கம் இலேசாகி, இறுகிய நிலத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கியது. டயருக்குள் இருக்கும் வெற்றிடத்தையே எடை வைக்கும் இடமாக்கிக்கொள்ளும் யோசனை இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

சக்கரம் சிறிதும் வழுக்காமல் இழுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. இருசக்கர இயக்கமுள்ள டிராக்டர் புழுதி உழவில் 10 முதல் 15 விழுக்காடு வரை வழுக்குவது நல்ல அளவாகக் கருதப்படுகிறது. அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீணாகின்றன. மிகவும் குறைந்தால் எடை அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். அப்போது மண் இறுகுகிறது, கலப்பை பாறையில் மாட்டும்போது விழும் அதிர்ச்சி முழுவதும் கியர்களுக்கும் அச்சுக்கும் போகிறது. அளவான வழுக்கல் மின்சுற்றில் உள்ள ஃபியூஸ் போல வேலை செய்கிறது.

வழுக்கலை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பின்டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையை மண்ணில் இறக்கி, சக்கரம் 10 முறை சுற்றும் தொலைவுக்கு உழுது, தொடங்கிய இடத்திலும் முடித்த இடத்திலும் குச்சி நட வேண்டும். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தொலைவை ஓட்டிச் சுற்றுகளை எண்ண வேண்டும். 9 சுற்று வந்தால் வழுக்கல் 10 விழுக்காடு. எட்டரைச் சுற்று வந்தால் 15 விழுக்காடு. 8 சுற்றுக்கும் கீழே போனால் எடை கூட்டலாம். டயரின் தடமும் ஓரளவு சொல்லிவிடும். தடத்தின் நடுவில் மண் கலைந்தும் ஓரங்களில் பட்டை அச்சு தெரிந்தும் இருந்தால் எடை சரி. அச்சு முழுவதும் தெளிவாகப் பதிந்திருந்தால் எடை அதிகம். முழுவதும் அழிந்திருந்தால் குறைவு.

இந்தியாவில் டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய நிறுவனம் 1955 முதல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இயங்கிவருகிறது. அதன் சோதனை அறிக்கைகள் இழுவைத் திறனைக் கூடுதல் எடையுடனும் எடையில்லாமலும் தனித்தனியே தருகின்றன. டிராக்டர் வாங்குவோர் விளம்பரத்தில் காணும் குதிரைத்திறன் எண்ணைவிட இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்ப்பது அதிகப் பயன் தரும். அந்த வேறுபாடுதான் டயரில் ஏற்றும் எடை எவ்வளவு உதவுகிறது என்பதைக் காட்டுகிறது.

எவ்வளவு நீர்

டயரின் உட்கொள்ளளவில் அதிகபட்சம் 75 விழுக்காடு நீர் என்பது பொது விதி. வால்வு உச்சியில் இருக்குமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்து நீர் ஏற்றினால், நீர்மட்டம் வால்வைத் தொடும்போது ஏறத்தாழ இந்த அளவு வந்துவிடும். அதனால் தனியாக அளந்து ஊற்ற வேண்டியதில்லை. வால்வு வழியாக நீர் வழிவதே அளவுகோல்.

டயரில் எழுதியிருக்கும் 13.6-28 என்ற எண்ணில் முதலாவது டயரின் அகலத்தையும் இரண்டாவது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. 75 விழுக்காட்டு அளவில் 12.4-28 டயர் சுமார் 150 லிட்டரும், 13.6-28 டயர் சுமார் 185 லிட்டரும், 14.9-28 டயர் சுமார் 225 லிட்டரும், 16.9-28 டயர் ஏறத்தாழ 300 லிட்டரும் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. 13.6-28 டயர் இரண்டுக்கும் சேர்த்து 370 கிலோ கூடுகிறது. இரண்டு டன்னுக்கும் குறைவான எடையுள்ள நடுத்தர டிராக்டரில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

முழுவதும் நீரால் நிரப்பினால் இன்னும் எடை கிடைக்குமே என்று தோன்றலாம். காற்று அழுங்கும், நீர் அழுங்காது. மீதி 25 விழுக்காட்டில் இருக்கும் காற்றுதான் கல்லில் ஏறும்போது மெத்தையாக அழுங்கி டயரைக் காக்கிறது. அது இல்லாவிட்டால் அடி நேராக டயரின் நூலடுக்குகளில் விழுந்து உள்ளே வெடிப்பு உண்டாகும். ஜவ்வாது மலை அடிவாரம் போன்ற கல் நிறைந்த நிலங்களில் இதை மறக்கக் கூடாது. ரேடியல் டயர்களின் பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அவற்றுக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் நீர் வேண்டாம் என்று சில தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

முன்டயர்களில் நீர் ஏற்றுவது அரிது. முன்பக்கம் தூக்கினால் முன்பம்பரில் மாட்டும் இரும்பு எடைகளே ஏற்றவை.

வால்வின் அமைப்பு

மோட்டார் சைக்கிள் வால்வையும் டிராக்டர் பின்டயர் வால்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது தடித்துத் தெரியும். காற்று, நீர் இரண்டுக்கும் பொதுவாக அமைந்த இந்த வால்வு டிஆர் 218ஏ என்ற தர எண்ணால் அறியப்படுகிறது. அடியில் ரப்பரோடு ஒட்டிய பித்தளைத் தண்டு டியூபிலிருந்து புறப்பட்டு ரிம் துளை வழியாக வெளியே வருகிறது. அதை ரிம்மில் பிடித்து வைப்பது ஒரு நட்டு. தண்டின் மேல் திருகி உட்காரும் சிறு பித்தளைக் கூடுதான் சாதாரண வால்விலிருந்து இதை வேறுபடுத்துவது. இந்தக் கூட்டுக்குள்ளேதான் வால்வு பின் இருக்கிறது. நீர் ஏற்றும்போது பின்னை மட்டும் கழற்றினால் போதாது. கூட்டையே கழற்றினால்தான் அகலமான வழி திறந்து நீர் தாராளமாகப் போகும்.

வால்வு பின் என்பது ஒரு சிறு வில், ஒரு கம்பி, ஒரு ரப்பர் அடைப்பு ஆகியவை சேர்ந்தது. உள்ளிருக்கும் அழுத்தமும் வில்லும் சேர்ந்து அடைப்பை அதன் இருக்கையில் அழுத்தி வைக்கின்றன. இடையில் மணல் துகளோ சுண்ணாம்புப் பொருக்கோ சிக்கினால் காற்று மெல்லக் கசியும். இந்தப் பின்னின் திருகளவு நூறாண்டுக்கு மேலாக மாறவில்லை என்பதால் மோட்டார் சைக்கிள், கார், டிராக்டர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே பின் பொருந்துகிறது. பழைய சைக்கிள்களின் ரப்பர் குழாய் வால்வு வேறு வகை, அது பொருந்தாது.

வேலூர்க் கோட்டைக்கு அருகே, நேதாஜி மார்க்கெட்டை அடுத்துள்ள லாங் பஜார் போன்ற கடைத்தெருவுக்கு உதிரிபாகம் வாங்க வருபவர் பின்னைப் பெயர் சொல்லியே வாங்கிவிடலாம். மேல்கூடும் அதன் அடியில் வரும் ரப்பர் வாஷரும் அப்படியல்ல. பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. மூடியிலும் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் மூடி தூசியைத் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே ரப்பர் வைத்த உலோக மூடி, பின் கசிந்தாலும் காற்றைத் தடுத்து நிறுத்தும் இரண்டாவது அடைப்பு. சில உலோக மூடிகளின் தலையில் கவட்டை போன்ற முனை இருக்கும். அதைத் திருப்பிப் பிடித்தே பின்னைக் கழற்றலாம். மூடி தொலைந்த வால்வுகளோடு ஓடும் டிராக்டர்களே கண்ணில் அதிகம் படுகின்றன என்பது வேறு கதை.

நீர் ஏற்றும் முறை

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அணைகல் வைத்து, பின்அச்சின் கீழ் ஜாக்கி கொடுத்துச் சக்கரம் தரையை விட்டுச் சற்று எழும்புமாறு தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே கனமான மரக்கட்டையை அண்டக் கொடுப்பது அவசியம். பிறகு வால்வு உச்சிக்கு வருமாறு சக்கரத்தைத் திருப்பி, முதலில் பின்னைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டபின், மேல்கூட்டைக் கழற்ற வேண்டும். காற்று உள்ளே இருக்கும்போதே கூட்டைத் திருகினால் அது துப்பாக்கிக் குண்டு போல் கிளம்பும். ரிம் நட்டைத் தொடக் கூடாது; அதைக் கழற்றினால் காற்றிழந்த டியூபின் வால்வுத்தண்டு ரிம் துளைக்குள் நழுவிப் போய்விடும், வெளியே எடுக்க டயரையே பிரிக்க நேரும்.

நீர் செலுத்துவதற்கு, காற்று வெளியேறும் சிறு துளை கொண்ட இணைப்பான் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் குழாயைத் தண்டில் பொருத்திச் சிறிது நேரம் நீர் விட்டு, குழாயை எடுத்து உள்ளே இறுகிய காற்றை வெளியேற விட்டு, மறுபடியும் பொருத்துவார்கள். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் கடினமில்லை. வீட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயே போதும். 3 மீட்டர் உயரத் தொட்டி ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ அழுத்தம் தருகிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் குழாயை நேராக வால்வில் மாட்டுவது ஆபத்தானது. அந்த மோட்டார்கள் தரக்கூடிய அழுத்தம் டயர் தாங்கும் அளவைப் பல மடங்கு மீறக்கூடும்.

வால்வில் நீர் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, திருகுமரைகளைத் துடைத்து, வாஷரைச் சரிபார்த்து மேல்கூட்டைப் பொருத்திக் காற்று பிடிக்க வேண்டும். பின்னை அளவுக்கு மீறி முறுக்கினால் அதன் ரப்பர் நசுங்கிவிடும். இரண்டு பின்டயர்களிலும் ஒரே அளவு நீர் இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பாலாற்றுப் படுகையின் நீர்

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் சாப்பாட்டு உப்பு தடவப்படுகிறது. பதனிடும் ஆலையில் முதல் வேலையே அத்தோலை ஊறவைத்து உப்பைக் கழுவி வெளியேற்றுவதுதான். பின்னர் வரும் ஊறல் கட்டத்திலும் உப்பு சேர்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளின் கழிவுநீர் பல பத்தாண்டுகள் பாலாற்றிலும் ஏரிகளிலும் நிலத்திலும் விடப்பட்டதால் நிலத்தடி நீரில் உப்பு ஏறியது.

இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் இது முதன்மையானது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாக வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் முதற்கட்ட ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. இழப்பீடு முழுமையாகச் சேரவில்லை என்ற பூசல் தொடர்ந்ததால், 30 ஜனவரி 2025 அன்று உச்ச நீதிமன்றம் இதே பகுதியைப் பற்றி மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்கியது. இதற்கிடையே 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. கிணறுகளுக்கு இந்த எல்லைகள் தெரியாது.

பயிருக்கு ஆகாத கிணற்று நீரை டயருக்காவது பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இயல்பானது. நல்ல நீரை டயரில் அடைத்து வைப்பது வீண் என்றும் தோன்றும். ஆனால் கணக்குப் பார்த்தால் இந்தச் சிக்கனம் பயன் தருவதில்லை. டயருக்குத் தேவைப்படும் நீர் ஒருமுறை ஏற்றுவதோடு சரி. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 10 சதுர மீட்டர் மாட்டுக்கொட்டகைக் கூரையில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 400 லிட்டர் சேரும், 13.6-28 டயர் இரண்டுக்கும் அது போதும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நல்ல மழைநாள் இதைத் தந்துவிடுகிறது. துணியில் வடிகட்டி, இலைதழை இல்லாமல் ஏற்றினால் மழைநீரை மிஞ்சிய நீர் இல்லை. மழைநீர் கிடைக்காத காலத்தில் தெளிந்த ஏரி நீரை வடிகட்டி ஏற்றலாம்.

கிணற்று நீரையே ஏற்ற வேண்டியிருந்தால் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் பாசன நீரையும் சோதித்துத் தருகின்றன. ஒப்பீட்டுக்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 மில்லிகிராமை உச்சமாகவும் வைத்துள்ளது. இரண்டாவது எண்ணைத் தாண்டிய நீரை டயரிலும் தவிர்ப்பது நல்லது.

வால்வில் தொடங்கும் துரு

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். உப்புக் கிணற்று நீரில் உப்பு ஆயிரத்தில் சில பங்குதான். குளிர்நாட்டுக் கால்சியம் குளோரைடுக் கரைசலில் அது நூற்றில் இருபது, முப்பது பங்கு. தவிர, இந்தியப் பின்டயர்கள் பெரும்பாலும் டியூப் உள்ளவை. நீர் டியூபுக்குள் இருக்கும் வரை அது ரிம்மைத் தொடுவதே இல்லை. டியூபின் பியூட்டைல் ரப்பரை உப்பு ஒன்றும் செய்வதில்லை. அப்படியிருக்க ரிம் ஏன் அரிக்க வேண்டும்?

விடை கசிவில் இருக்கிறது. வால்வின் அடிப்பகுதியில் மயிரிழைக் கீறல் விழுந்தால், அல்லது முள் குத்திய சிறு துளை இருந்தால், நீர் டியூபுக்கும் ரிம்முக்கும் இடையில் ஊறி, வெளியேற வழியுள்ள ஒரே இடமான வால்வுத் துளைக்கு வருகிறது. அங்கே வெயில் பட்டு நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம். நாளடைவில் அந்தத் துளையைச் சுற்றிச் சேரும் உப்பு, கிணற்று நீரின் உப்பைவிடப் பல மடங்கு செறிவானது. உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு காய்வதே இல்லை. அரிப்பு துளையின் விளிம்பில் தொடங்கி உள்ளே பரவுகிறது. உரியும் துருப் பொருக்கு டியூபை உரசி அடுத்த கசிவை உண்டாக்குகிறது. மழைநீர் ஏற்றிய டயரிலும் கசிவால் துரு வரும், ஆனால் மெதுவாக. அதற்குள் கண்ணில் பட்டுவிடும்.

எனவே மாதம் ஒருமுறை வால்வுத் துளையைச் சுற்றிப் பார்ப்பது இப்பகுதியில் காற்று பார்ப்பதைப் போலவே முக்கியம். வெள்ளைப் பூப்பு உப்பின் அடையாளம். பழுப்பு ஒழுக்கு ரிம்மின் உட்பக்கத் துருவைக் காட்டுகிறது. தண்டில் பச்சைப் படிவு இருந்தால் பித்தளையே அரிக்கத் தொடங்கிவிட்டது. எச்சிலையோ சோப்பு நுரையையோ பின்மேல் வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரியும். நுரையைத் தண்டின் அடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பின் கசிந்தால் புதுப்பின் போட்டால் தீர்ந்தது. அடிப்பகுதி கசிந்தால் டியூபைக் கழற்றியே ஆக வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ரிம்மின் ஆயுளிலிருந்து கழிகிறது. கழற்றும் வாய்ப்பு கிடைக்கும்போது ரிம்மின் உட்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் கழுவி, காயவைத்து, ரெட் ஆக்சைடும் மேல்வண்ணமும் பூசினால் அடுத்த முறை வேலை மிச்சம். வால்வுத் துளையின் விளிம்பு கூர்மையாக அரித்திருந்தால் அரத்தால் வழவழப்பாக்க வேண்டும், இல்லையேல் புதிய தண்டையும் அது அறுக்கும்.

டியூப் இல்லாத டயரில் நீர் நேரடியாக ரிம்மையே தொடுவதால் அங்கு உப்புநீரை எக்காரணம் கொண்டும் ஏற்றக் கூடாது.

காற்றழுத்தம் பார்த்தல்

காற்று மட்டும் உள்ள டயரைவிட நீர் ஏற்றிய டயரை அடிக்கடி பார்க்க வேண்டும். 13.6-28 டயரின் மொத்தக் கொள்ளளவு 245 லிட்டர் அளவில் இருக்கும். நீர் ஏற்றியபின் காற்றுக்கு மிஞ்சுவது 60 லிட்டர்தான். அதே அளவு காற்று கசிந்தால் அழுத்தம் நான்கு மடங்கு விரைவாக இறங்குகிறது. டயர் பார்வைக்கு நிமிர்ந்தே நிற்பதால் இது தெரிவதில்லை.

களவேலைக்குப் பின்டயரில் பொதுவாக 12 முதல் 14 பிஎஸ்ஐ வைக்கப்படுகிறது. டிரெய்லர் இழுக்கும்போது தயாரிப்பாளர் கையேடு சொல்லும் கூடுதல் அளவு வேண்டும். காலை வெயிலுக்கு முன், வால்வை உச்சியில் வைத்துப் பார்ப்பதே நல்லது. வால்வு கீழே இருந்தால் நீரின் சுமையும் சேர்ந்து 28 அங்குல ரிம்மில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதோடு, அளவுமானி வழியாக நீர் பீய்ச்சி, அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் பின்னின் இருக்கையில் படியும். தவறிப் பட்டுவிட்டால் அளவுமானியை நல்ல நீரில் அலசி உலர்த்தி வைக்க வேண்டும்.

காற்று குறைந்த டயருடன் கடினமாக இழுத்தால், டயரும் டியூபும் ரிம்மின் மேல் மெல்ல நகர்கின்றன. ரிம் துளையில் மாட்டிக்கொண்ட வால்வுத்தண்டு மட்டும் நகர முடியாமல் சாய்கிறது. நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டால் அன்றைக்கே வேலையை நிறுத்த வேண்டும். இன்னும் சில சால் ஓட்டினால் தண்டு அடியோடு கிழிந்து, நீர் முழுவதும் வயலில் கொட்டும். சரிசெய்ய டயரைத் தளர்த்தி டியூபை நேராக்கிப் பொருத்த வேண்டும். தண்டைத் தட்டி நிமிர்த்துவது கிழிசலைப் பெரிதாக்கும்.

பஞ்சரும் நீரை இறக்குதலும்

நீர் ஏற்றிய டயரில் பஞ்சரைக் கண்டுபிடிப்பது சிலவேளை எளிது, ஈரம் காட்டிக்கொடுக்கும். ஒட்டுவதுதான் தொல்லை. நீரை முழுவதும் இறக்கி, டியூபைத் துடைத்து உலர்த்தினால்தான் ஒட்டு பிடிக்கும். பஞ்சர் தடுக்கும் திரவங்கள் இவ்வளவு நீரில் கரைந்து நீர்த்துப்போவதால் இங்கு உதவுவதில்லை.

இறக்கும்போது வால்வைக் கீழே கொண்டுவந்து, எதிரே முகம் நீட்டாமல் பக்கவாட்டில் நின்று பின்னைத் தளர்த்த வேண்டும். பீய்ச்சல் அடங்கியபின் மேல்கூட்டை எடுத்தால் மீதி நீர் வடியும். ஆனால் வால்வு இருப்பது ரிம்மில். டயரின் அடிவயிறு அதற்கும் கீழே உள்ளது. நீர் நின்றுவிட்ட பிறகும் கொள்ளளவில் கால் பங்கு, அதாவது 13.6-28 டயரில் 60 லிட்டர் அளவுக்கு, உள்ளேயே கிடக்கிறது. மெல்லிய குழாயை வால்வு வழியாக அடிவரை நுழைத்து உறிஞ்சியோ, காற்று கொடுத்துத் தள்ளியோ அதை எடுக்க வேண்டும். காலியாகிவிட்டது என்று நம்பி அந்தச் சக்கரத்தை ஒருவரே கழற்றி உருட்ட முயன்றால் உள்ளே புரளும் நீர் அதைச் சாய்த்துவிடும். முழு நீருடன் கழற்றினால் டயர், ரிம், நீர் எல்லாம் சேர்ந்து கால் டன்னைத் தாண்டும்; மேலே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. நீர் ஏற்றிய சக்கரத்தை இறக்காமல் கழற்றக் கூடாது, கழற்ற இருவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பவை பஞ்சர் கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள். புதிதாக டயர் மாட்டிக் காற்று பிடிக்கும்போது 35 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றுவதும் அதே அளவு ஆபத்து.

நீர் தேவைப்படாத வேலைகள்

சட்டிக் கலப்பை, கொக்கிக் கலப்பை கொண்டு இறுகிய புஞ்சை நிலத்தை உழும்போது நீர் எடைக்கு முழுப் பயன் உண்டு. நெல் வயலின் சேற்றுழவில் நிலைமை நேர்மாறு. அங்கு கேஜ் வீல் மாட்டி, வண்டி இலேசாக இருந்தால்தான் புதையாமல் போகும். எடை கூடினால் சேற்றுக்கடியில் உள்ள கெட்டித் தளம் உடைந்து அடுத்த பருவத்தில் வண்டி இன்னும் ஆழமாகப் புதையும். ரோட்டாவேட்டர் சுழலும்போது அதுவே வண்டியை முன்னோக்கித் தள்ளுவதால் அந்த வேலைக்கும் நீர் எடை அதிகம் தேவையில்லை.

கரும்பு ஏற்றி அம்முண்டியில் உள்ள வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போவது போன்ற சாலை வேலைகளில் பின்சக்கரப் பிடிப்பு உதவும்தான். ஆனால் கூடுதல் எடையை நிறுத்த வேண்டியதும் அதே பிரேக்குகள்தான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை போன்ற இடத்தில் நிற்கும் தூரம் கூடுவதை ஓட்டுநர் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் சாலையிலேயே ஓடும் வண்டியில் நீரைச் சுமந்து திரிவது டீசலையும் டயர்ப் பட்டைகளையும் தேய்க்கிறது.

புஞ்சை உழவும் நன்செய் உழவும் மாறி மாறிச் செய்யும் வாடகை டிராக்டர்களுக்கு, நீரை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது நடக்காத காரியம். அவர்களுக்குச் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு எடைகள் விலை கூடுதலானாலும் பொருத்தமானவை. அரை மணி நேரத்தில் கழற்றி வைக்கலாம், வால்வுக்கும் ரிம்முக்கும் அவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை.